வரன் பார்க்கும் நேரத்தில் நம் வீட்டையும் பார்ப்போம்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக என்னைப் பேசக் கூப்பிட்டால் டெபாசிட் வட்டி, நாமினேஷன், லாக்கர் என்றுதான் பேசுவேன். இன்று வேறு விஷயம். நம் குடியிருப்பில் வரன் பார்க்கும் வீடுகள் பல. பிள்ளைகளே துணையைத் தேடிக்கொண்ட வீடுகளும் உண்டு. நாம் வளர்த்த விதம் அந்தத் தேர்வில் எவ்வளவு தலையிடுகிறது? அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். மகளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

நான் கோபம் வந்தால் கத்துகிறவன் அல்ல. பேசாமல் இருந்துவிடுவேன். இரண்டு நாள், சில சமயம் நாலு நாள். வீட்டில் டிவி சத்தம்கூடக் குறைந்துவிடும். "எங்க வீட்டுல சண்டையே கிடையாது" என்று உறவுக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

மகள் தானே விரும்பி, எங்கள் சம்மதத்தோடு திருமணம் செய்துகொண்டாள். படிப்பு, வேலை, குடும்பம் எல்லாம் விசாரித்தோம். இரண்டாவது வருடம் தீபாவளிக்கு வந்தவளின் முகம் சரியில்லை. என் மனைவி சமையலறையில் மெல்லக் கேட்டார். மாப்பிள்ளை கோபம் வந்தால் நாள் கணக்கில் பேசமாட்டாராம். "கல்யாணத்துக்கு முன்னாடியே இது தெரியாதாடி?" என்றார் மனைவி. அதற்கு அவள் சொன்ன பதில்: "தெரியும்மா. அப்பாவும் அப்படித்தானே. ஆம்பளைங்கன்னா அப்படித்தான்னு நினைச்சேன்."

நான் ஹாலில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை.

பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். ஜான் பௌல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர், குழந்தைக்கு உணவைப் போலவே, பயந்தால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ள ஓர் ஆளும் அவசியம் என்றார். அவரோடு பணியாற்றிய மேரி எய்ன்ஸ்வொர்த் 1954-55இல் உகாண்டாவில் கம்பாலாவுக்கு அருகே வீடு வீடாகப் போய்த் தாயையும் குழந்தையையும் கவனித்தார். பிறகு அமெரிக்காவில் பால்டிமோரில் ஒரு சோதனை செய்தார். ஒரு வயதுக் குழந்தையை விளையாட்டுச் சாமான்களோடு அறையில் விட்டுவிட்டுத் தாய் சில நிமிடம் வெளியே போவார். தாய் போனதும் குழந்தை அழுகிறதா என்பதைவிட, தாய் திரும்பியதும் என்ன செய்கிறது என்பதைத்தான் எய்ன்ஸ்வொர்த் முக்கியமாகப் பார்த்தார்.

சில குழந்தைகள் ஓடிவந்து ஒட்டிக்கொண்டு, சமாதானமாகி, மறுபடி விளையாடப் போயின. சில ஒட்டிக்கொண்டும் அழுகையை நிறுத்தவில்லை. சில குழந்தைகள் தாய் வந்ததையே கண்டுகொள்ளவில்லை. ‘எவ்வளவு சமத்து’ என்று நாம் சொல்வோம். பின்னால் வேறு ஆய்வாளர்கள் இத்தகைய குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்தார்கள். வெளியே அமைதி, உள்ளே படபடப்பு. கேட்டும் கிடைக்காது என்று பழகிவிட்டால் குழந்தை கேட்பதையே நிறுத்திவிடும்.

1987இல் வெளியான ஓர் ஆய்வில் சிண்டி ஹேசன், பிலிப் ஷேவர் என்ற இருவர், பெரியவர்களின் காதலிலும் இதே மூன்று வகை உண்டா என்று பார்த்தார்கள். டென்வர் நகர நாளிதழ் ஒன்றில் கேள்விகளை வெளியிட்டார்கள். 620 பேரின் பதில்களில் சுமார் 56 சதவீதம் பேர் நெருக்கத்தில் நிம்மதியாக இருப்பவர்கள். 25 சதவீதம் பேர் நெருங்கினால் விலகுகிறவர்கள். 19 சதவீதம் பேர் விட்டுப் போய்விடுவார்களோ என்று தவிப்பவர்கள். தாமாக எழுதி அனுப்பியவர்களின் கணக்கு என்பதால் ஊருக்கே இது பொருந்தும் என்று சொல்ல முடியாது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இது ஜாதகம் அல்ல. குழந்தைப் பருவத்துக்கும் பிற்கால உறவுக்கும் தொடர்பு உண்டு, ஆனால் அதுவே விதி இல்லை. கஷ்டமான வீட்டில் வளர்ந்தும் நல்ல நண்பர், நல்ல துணை, நல்ல ஆலோசகர் கிடைத்து மாறியவர்கள் உண்டு. பேங்க் பாஷையில் சொன்னால், பிறந்த வீடு தொடக்க இருப்பு மட்டுமே. அதன் பிறகும் வரவு வைக்கலாம்.

பேங்கில் சாயங்காலம் கேஷ் டேலி ஆகாவிட்டால் ஒருவரும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டோம். ஐந்து ரூபாய் வித்தியாசத்துக்கு ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்திருக்கிறேன். அதே ஆள், வீட்டுக் கணக்கை நாலு நாள் டேலி பண்ணாமல் விட்டிருக்கிறேன்.

அந்தத் தீபாவளிக்கு மறுநாள் மகளிடம் சொன்னேன்: "நான் பேசாம இருந்தது பொறுமை இல்லம்மா. அது உங்க அம்மாவுக்கு நான் கொடுத்த தண்டனை. அதை நீ சகஜம்னு எடுத்துக்காதே." மனைவியிடமும் மன்னிப்புக் கேட்டேன். "முப்பது வருஷம் லேட்" என்றார். வட்டியோடு கட்டவேண்டிய பாக்கி.

மகளும் மாப்பிள்ளையும் ஒரு குடும்பநல ஆலோசகரிடம் போய்வருகிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை வளர்ந்த வீட்டிலும் இதே மௌனம்தானாம். இப்போது ‘எனக்குக் கோபம், ஒரு மணி நேரம் கழித்துப் பேசுகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போகிறாராம். அந்த ஒரு வாக்கியத்தை நான் என் மனைவியிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

வரன் பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. சம்பளத்தோடு மூன்று கேள்விகளையும் கேளுங்கள். உங்கள் வீட்டில் சண்டை வந்தால் எப்படி முடியும்? முதலில் யார் பேசுவார்? சின்ன வயதில் அழுதால் யாரிடம் போவீர்கள்? இதே கேள்விகளை உங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். ‘பார்த்ததுமே பழகினவர் மாதிரி இருந்தது’ என்றால், எந்த விதத்தில் பழகினவர் மாதிரி என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

என் வயதுக்காரர்களுக்கு: பேரன் பேத்திகள் அழுதுகொண்டு வந்தால் ‘இதுக்கெல்லாமா அழுவாங்க’ என்று சொல்லாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்கள் சண்டை போட்டால் சமாதானமாவதையும் அவர்கள் கண்முன்னே செய்யுங்கள். சமாதானத்தையும் பார்த்து வளரும் பிள்ளை, நாளைக்கு அது தெரிந்த ஒருவரைத் தேடிக்கொள்ளக்கூடும்.

அடுத்த கூட்டத்தில் வட்டி விகிதத்தைப் பற்றிப் பேசுகிறேன்.