ஒரு புனிதரின் பெயரிலிருந்து எடுக்கப்பட்ட வார்த்தை

இன்னைக்கு எபிசோட் ஒரு பேரப் பத்தி.

2022 மே 15. வத்திக்கான்ல போப் பிரான்சிஸ் 10 பேரைப் புனிதர்களா அறிவிச்சாரு. அதுல ஒருத்தர் நம்ம கன்னியாகுமரி மாவட்டம், நட்டாலத்துக்காரர். தேவசகாயம். குருவும் இல்ல, துறவியும் இல்ல. கல்யாணம் ஆகி, அரசாங்க வேலை பார்த்த மனுஷன். அப்படி சாதாரண குடும்பஸ்தரா இருந்து புனிதரான முதல் இந்தியர் அவர்தான்.

ஆனா 2012 டிசம்பர்ல கோட்டாறுல அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தப்போ, எல்லாரும் அவரைச் சொன்ன பேரு 'தேவசகாயம் பிள்ளை'. பத்து வருஷத்துல அந்தப் 'பிள்ளை' எங்க போச்சு? அதைப் புரிஞ்சுக்க நாம 18ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூருக்குப் போகணும்.

1712ல ஒரு நாயர் குடும்பத்துல பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. மார்த்தாண்ட வர்மா ராஜாவோட அரண்மனையில உத்தியோகம். 1741ல குளச்சல் போர் நடக்குது. டச்சுக்காரங்க தோத்துப் போறாங்க. பிடிபட்ட கேப்டன் டி லனாய், அதே ராஜாவோட படையைப் பயிற்றுவிக்கிற தளபதியா மாறிடுறாரு. அவர் மேற்பார்வையில திரும்பக் கட்டின உதயகிரிக் கோட்டையில இன்னைக்கும் அவர் கல்லறை இருக்கு. போனா பாருங்க.

நீலகண்டனுக்கும் டி லனாய்க்கும் நட்பு வருது. அந்த நேரம் நீலகண்டன் வீட்டுல மாடுகள் சாகுது, நஷ்டம் மேல நஷ்டம். மனசு உடைஞ்சு நின்னவருக்கு பைபிள்ல வர்ற யோபு கதையை டி லனாய் சொன்னாருன்னு சொல்வாங்க. ஒரு தப்பும் செய்யாமலே எல்லாத்தையும் இழந்த ஒரு மனுஷனோட கதை அது.

1745ல, இப்போ திருநெல்வேலி மாவட்டத்துல இருக்கிற வடக்கன்குளத்துல, ஒரு இயேசு சபைக் குருகிட்ட நீலகண்டன் ஞானஸ்நானம் வாங்குறாரு. பேரு லாசர். எபிரேய மொழியில அதுக்கு 'கடவுள் உதவினார்'னு அர்த்தம். அதைத் தமிழ்ல சொன்னா தேவசகாயம். மனைவி பார்கவி அம்மாள், ஞானப்பூ ஆனாங்க.

இதுக்கு அப்புறம் வர்றதுதான் முக்கியமான கட்டம். மதம் மாறினதோட அவர் நிறுத்தல. சாதி வித்தியாசம் இல்லாம எல்லாரும் சமம்னு பேசினாரு. மேல்சாதிக்காரங்களுக்கு அவர் மேல வந்த கோபத்துக்கு இதுவே காரணம்னு வத்திக்கானே அவரோட வாழ்க்கைக் குறிப்புல சொல்லுது. 1749ல கைது. சுமத்தின குற்றம் ராஜதுரோகம். மதத்துக்காக அவரைக் கொல்லலங்கிற வாதமும் வரலாற்றாளர்கள் நடுவுல உண்டு, அதையும் சொல்லிடணும். கிட்டத்தட்ட மூணு வருஷம் சித்திரவதை. எருமை மேல பின்பக்கம் பார்த்து உக்கார வச்சு, கழுத்துல எருக்கம்பூ மாலை போட்டு, ஊர் ஊரா கொண்டுபோனாங்கன்னு குமரி மாவட்டத்துல இன்னைக்கும் சொல்வாங்க. 1752 ஜனவரி 14, ஆரல்வாய்மொழி பக்கத்துல காற்றாடிமலையில சுட்டுக் கொன்னாங்க. வயசு 39. உடல் கோட்டாறு சவேரியார் கோயில்ல அடக்கம்.

இப்போ அந்தப் 'பிள்ளை'க்கு வருவோம். சாதியை எதிர்த்த ஒருத்தரோட பேர்லயே சாதி ஒட்டிக்கிட்டு இருக்கலாமான்னு சிலர் வத்திக்கானுக்கு எழுதினாங்க. அது சாதி இல்ல, ராஜா கொடுத்த பட்டம், எடுத்தா வரலாறு மாறிடும்னு இன்னொரு தரப்பு சொல்லிச்சு. திருவிதாங்கூர்ல 'பிள்ளை' பட்டமாவும் இருந்தது நிஜம்தான். ஆனா இன்னைக்கு அந்த வார்த்தையைக் கேக்குற காதுக்கு அது எதைச் சொல்லுதுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். வத்திக்கான் அதை எடுத்துடுச்சு. புனிதர் பட்டியல்ல அவர் வெறும் தேவசகாயம்.

நான் கோட் எழுதுறவன். ஒரு ஃபங்ஷனோட பேரை மட்டும் மாத்தினா உள்ள நடக்குற வேலை மாறாதுன்னு எங்க டீம்ல எல்லாருக்கும் தெரியும். அதனால எனக்கு அடுத்து வந்த கேள்வி: உள்ள என்ன மாறிச்சு?

பதில் தேட அவர் ஞானஸ்நானம் வாங்கின அதே வடக்கன்குளத்துக்கே போகலாம். 1872ல அங்க ஒரு பெரிய கோயில் கட்டினாங்க. பீடம் ஒண்ணு. ஆனா அதுலேருந்து ரெண்டு தனித்தனி மண்டபம் விரிஞ்சு போகும். ஒண்ணு வேளாளருக்கு, இன்னொண்ணு நாடாருக்கும் மத்தவங்களுக்கும். மேலேருந்து பார்த்தா கால்சட்டை மாதிரி இருந்ததால இங்கிலீஷ்ல அதை 'டிரவுசர் சர்ச்'னே எழுதுறாங்க. ஒரே சாமி, ஒரே பூசை, நடுவுல சுவர். எல்லாரும் சமம்னு சொன்னவர் செத்து 120 வருஷம் கழிச்சு!

1910ல அந்தச் சுவரை இடிச்சாங்க. சும்மா விடல, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. தனி இடம் கேட்டவங்க கடைசியில தோத்தாங்க.

சுவர் போயிடுச்சு. ஆனா சாதிவாரியா தனிக் கல்லறைத் தோட்டம் இருக்கிற பங்குகள் தமிழ்நாட்டுல இன்னைக்கும் இருக்கு. செத்தப்புறமும் தள்ளிப் படுக்கணும். அதனாலதான் பேர்லேருந்து ஒரு வார்த்தையை எடுத்ததை நான் சின்ன விஷயமாவும் பார்க்கல, முடிஞ்ச விஷயமாவும் பார்க்கல. இவரை முன்மாதிரியா வச்சுக்கோங்கன்னு ஒரு சபை உலகத்துக்கே அறிவிச்சிருக்கு. அப்போ, எங்க பாட்டியை ஏன் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் புதைச்சீங்கன்னு ஒரு பேரப்பிள்ளை எழுந்து கேட்டா, பதில் சொல்ற கடமை அவங்களுக்கு வந்துடுச்சு. அந்தப் பேரப்பிள்ளைக்குத் துணைக்கு இப்போ ஒரு புனிதர் இருக்காரு.

நாகர்கோவில் பக்கம் போனா கோட்டாறு கோயிலுக்கும் காற்றாடிமலைக்கும் ஒரு எட்டு போயிட்டு வாங்க. நம்பிக்கை இருக்கோ இல்லையோ, பார்க்க வேண்டிய இடம். உங்க ஊர்ல கோயிலோ, மசூதியோ, சர்ச்சோ, சுடுகாடோ, இப்படி ஒரு சுவர் இருந்தா, இல்ல இடிஞ்ச கதை இருந்தா, வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.