கல்லூரிப் பணியும் ஏட்டுப் பணியும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய வட்டங்களில் கவிதையைக் காட்டிலும் அடிக்கடி ஒலிக்கும் சொல் ஒன்று உண்டு. 'நேரமில்லை' என்பதே அது. முதலாண்டில் மாதந்தோறும் புதுக்கவிதையுடன் வந்தவர், மூன்றாம் ஆண்டில் பழைய கவிதையைத் திருத்திக்கொண்டு வருகிறார். ஐந்தாம் ஆண்டில் கைவீசிக்கொண்டு வருகிறார். பத்தாம் ஆண்டில் வாழ்த்து மட்டும் அனுப்புகிறார். காரணம் கேட்டால் அலுவலகம், பதவி உயர்வுத் தேர்வு, பிள்ளைகளின் படிப்பு என்று அடுக்குவார். அவற்றுள் ஒன்றும் பொய்யன்று. ஆனால், இவையெல்லாம் உடையவராக இருந்தும் பெரும்பணி முடித்தோர் தமிழில் இருந்திருக்கின்றனர். அவர்கள் எதை முன்வைத்தனர், எதைப் பின்வைத்தனர், எதை அறவே விட்டனர் என்பதே இவ்வுரையின் பொருள்.

திருக்குறளின் பொருட்பாலில் அதிகாரங்கள் நிற்கும் வரிசை இங்கு நோக்கத்தக்கது. தெரிந்துசெயல்வகைக்குப் பின் வலியறிதல் வருகிறது. அதன் பின்னரே காலமறிதலும் இடனறிதலும் வருகின்றன. இன்று பணி ஒழுங்கு பற்றிப் பேசுவோர் எடுத்த எடுப்பில் கடிகாரத்தைக் காட்டுகின்றனர். காலத்தைப் பங்கிடுவதற்கு முன் தன் வலிமையை அளந்துகொள்ள வேண்டும் என்பது வள்ளுவர் வரிசையிலிருந்து கொள்ளத்தக்க பொருள். அரசனுக்குச் சொன்னது ஆசிரியனுக்கும் எழுத்தனுக்கும் பொருந்தாமற் போகாது.

இதற்கு உ.வே.சாமிநாதையரின் வாழ்க்கையைப் போல் விளக்கமான சான்று கிடைப்பது அரிது. அவர் பெரியவர், அவர் செய்தது எல்லோராலும் இயலாது என்று ஒதுக்கிவிடும் வழக்கம் இங்கு உண்டு. அது மரியாதையைப் போலத் தோன்றினும் உண்மையில் தப்பித்துக்கொள்ளும் வழியேயாம். மாதச் சம்பளத்திற்கு வகுப்பெடுத்து, விடைத்தாள் திருத்தி, குடும்பம் நடத்தி, விடுமுறைகளை எண்ணிக்கொண்டிருந்த ஓர் ஆசிரியராக அவரைக் காண்பதே பயனுடையது.

1855இல் பிறந்த அவர், 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்கச் சேர்ந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். இசை அவருக்குக் குடும்பச் சொத்து. மாயூரத்தில் இருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சென்று இசையும் பயிலத் தொடங்கினார். செய்தி பிள்ளையவர்களின் செவிக்கு எட்டியது. இசையில் மனம் பாய்ந்தால் இலக்கண இலக்கியப் பயிற்சி தளரும் என்று ஆசிரியர் கருதினார். மாணவர் இசைப் பயிற்சியை நிறுத்திக்கொண்டார். பதினாறு பதினேழு வயதில் நேர்ந்த இந்த இழப்பைத் தன்வரலாற்றில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். இரண்டு நல்லவற்றுள் ஒன்றை விடுவதே முன்னுரிமை எனப்படுவது. நல்லதற்கும் தீயதற்கும் இடையே தேர்ந்தெடுப்பதற்கு எந்தத் திட்டமும் வேண்டியதில்லை. ஆசிரியரின் கருத்து சரிதானா என்று கேட்பாரும் உளர். இசையறிவு செய்யுளின் ஓசையறிவுக்குத் துணையாகவே இருந்திருக்கும். எனினும் ஒருமுகப்படுதலின் விலை என்ன என்பதை அந்த இளைஞர் அன்றே அறிந்துகொண்டார்.

1876இல் பிள்ளையவர்கள் மறைந்தபின் திருவாவடுதுறை மடத்தில் இருந்த அவர், 1880ஆம் ஆண்டு பிப்ரவரியில், தியாகராச செட்டியார் ஓய்வுபெற்ற இடத்தில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். நிலையான வேலை, ஊரில் மதிப்பு, பழகிய பாடங்கள் எனப் பலர் வாழ்க்கைத் திட்டம் இந்த இடத்திலேயே நிறைவெய்திவிடும். எட்டு மாதங்கள் கழித்து, அக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவினார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று நீண்ட பட்டியலைச் சொன்னார் ஐயர். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேள்வி திரும்பியது. இல்லை என்பதே விடை.

இருபத்தைந்து வயது ஆசிரியர் ஒருவர், தம் துறைக்கு வெளியே நிற்கும் ஓர் அலுவலர்முன், தாம் கற்றது போதாது என்று உணர்ந்த தருணம் அது. கற்றறிந்தோர்க்கு இதைக் காட்டிலும் கசப்பான மருந்து இல்லை. பலர் அந்த அலுவலரைக் குறைகூறிக்கொண்டு வீடு திரும்பியிருப்பர். ஐயரோ சிந்தாமணிப் பிரதியை வாங்கிப் படிக்கலானார். பின்னர் முதலியாருக்கே அதனைப் பாடஞ் சொல்ல வேண்டியதாயிற்று. தாமே முதன்முறை படிக்கும் நூலைப் பிறர்க்கு விளக்கும் கட்டாயம், கற்றலுக்கு ஒரு நாளும் ஒரு நேரமும் குறித்துக் கொடுத்துவிட்டது.

சிந்தாமணி சமண காவியம்; ஐயர் சைவச் சூழலில் வளர்ந்தவர். சொல் புரிந்தாலும் பொருள் பிடிபடவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சைனர்களை நாடிச் சென்று அவர்தம் சமயக் கொள்கைகளைக் கேட்டறிந்தார். நச்சினார்க்கினியர் உரையில் வரும் மேற்கோள்கள் எந்நூலைச் சேர்ந்தவை என்று தெரியாமல் தவித்தார். அவற்றைத் தேடும்போதுதான் பத்துப்பாட்டு ஏடுகள் கைக்கு வந்தன. ஒரு நூலின் ஐயம் அடுத்த நூலின் வாயிலாயிற்று. சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என்று வரிசையாக எழுதிப் பார்த்தால், யாரோ அறையில் அமர்ந்து வரைந்த திட்டம் போலத் தோன்றும். அப்படியொரு திட்டம் தொடக்கத்தில் இருந்ததில்லை. கையிலிருந்த வேலையை முழுமையாகச் செய்ததனால் அடுத்த வேலை தானே தன்னைக் காட்டிக்கொண்டது. ஐந்தாண்டுத் திட்டம் வகுத்துக்கொண்டு தொடங்குவோர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

இவ்வளவும் கல்லூரி வேலைக்கு இடையே நிகழ்ந்தவை. பகலில் வகுப்பு, காலையும் மாலையும் இரவும் ஏடு. ஒருவர் படிக்க மற்றவர் ஒப்புநோக்கப் பாடவேறுபாடு குறித்தல் தனியொருவர் வேலையன்று. திருமானூர்க் கிருஷ்ணையர் போன்றோர் உடனிருந்து உதவினர். ஊர் ஊராக ஏடு தேடும் பயணங்களையும் அச்சு வேலைக்கான சென்னைப் பயணங்களையும் விடுமுறைகளே தாங்கின. ஓய்வுக்கென்று கல்லூரி கொடுத்த நாள்களே உழைப்புக்குரிய நாள்களாயின. பணமும் தாமே திரட்ட வேண்டும். முன்கூட்டிக் கையொப்பமிட்டவர்களின் தொகையை நம்பியே சிந்தாமணி அச்சேறியது. பதிப்பு வேலைக்காக வகுப்பைக் குறைத்துக்கொண்டவர் என்ற பெயரை அவர் எடுக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பட்டு, 1919இல் ஓய்வு பெறும்வரை ஆசிரியத் தொழிலே அவர்க்குச் சோறிட்டது.

சி.வை.தாமோதரம்பிள்ளை அக்காலத்தில் வீரசோழியம், இறையனார் களவியல், தொல்காப்பியப் பொருளதிகாரம் ஆகியவற்றைப் பதிப்பித்துப் புகழ் பெற்றிருந்தவர். ஐயரினும் இருபது வயதுக்கு மேல் மூத்தவர். சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க விரும்பிக் கைப்பிரதியைக் கேட்டார். அனுபவமும் செல்வாக்கும் உடைய ஒருவரிடம் கொடுத்துவிட்டால் பாரம் குறையும். ஐயர் கொடுக்கவில்லை. இருவரிடையே நட்பும் முறியவில்லை. மூத்தவரிடம் மறுப்புச் சொல்லக் கூசிக் கூசித் தம் வேலையை இழந்தவர்கள் இவ்வவையிலும் இருக்கக்கூடும்.

மணிமேகலை வரலாறு இன்னும் நுட்பமானது. அந்நூலைக் கையில் வைத்துக்கொண்டே பல்லாண்டு வெளியிடாமல் இருந்தார். பழைய உரை இல்லை. பௌத்தம் தெரிந்த தமிழரும் அருகில் இல்லை. கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய ரங்காசாரியர் ஆங்கிலத்திலும் வடமொழியிலும் பௌத்த நூல்களைப் படித்தவர். அவரிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்தபின், தாமே அரும்பதவுரை எழுதி, புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் ஆகிய பகுதிகளையும் சேர்த்து 1898இல் வெளியிட்டார். ஆங்கிலம் அறியாத தமிழாசிரியர், பக்கத்து அறை ஆசிரியரை ஆசானாகக் கொண்டார். இன்றைய கல்லூரிகளில் புத்தொளிப் பயிற்சிக்கு வெளியூர் செல்வோர், அடுத்த துறையின் வாயிற்படியை மிதிப்பதில்லை என்பது வருந்தத்தக்கது.

இன்னொன்று. 2010ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிகளில் கட்டுரைக்கு இத்தனை, நூலுக்கு இத்தனை என்று புள்ளிக் கணக்கு வந்தது. அவ்வளவுகோலால் 1880க்கும் 1887க்கும் இடைப்பட்ட ஐயரை அளந்தால் என்ன ஆகும்? சிந்தாமணியைக் கையிலெடுத்தது முதல் அச்சில் காண்பது வரை ஏழாண்டு. அதுவும் ஒரே நூல்! பதவி உயர்வுக் குழு அவரை வெளியே நிற்க வைத்திருக்கும். பணித்தகுதிக்கு உரியதையும் புலமைக்கு உரியதையும் வேறுவேறு ஏட்டில் எழுதிக்கொள்வதே இன்றைய ஆசிரியர்க்கு வழி. முன்னதைக் குறித்த நாளில் முடித்துக் கொடுத்துவிட வேண்டும்; பின்னதற்கு நாள் குறிக்கும் உரிமையைப் பிறரிடம் விட்டுவிடலாகாது.

கவிஞர்கள் நிறைந்த அவையில் ஒரு செய்தியை மறைத்துச் செல்வது முறையன்று. மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் என்றால் செய்யுள் இயற்றுவதில் தேர்ந்தவர் என்பது பொருள். ஐயரும் இளமையில் சிறு பிரபந்தங்கள் பாடியவர். பதிப்புத்துறையில் காலூன்றிய பின்னர்ச் செய்யுள் அவர்க்கு அருகிப்போயிற்று, உரைநடை மிகுந்தது. இசையை விட்டது ஆசிரியர் விருப்பத்தால். செய்யுளைப் பின்தள்ளியது தம் விருப்பத்தால். பழந்தமிழ்க் கவிதையைக் காத்தவர் தம் கவிதையைக் கொடுத்தே காத்தார் எனலாம். அது எல்லோரும் செய்ய வேண்டிய தியாகமா என்றால், அன்று. எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தாரா என்பதே வினா. தெரியாமல் கொடுத்துவிட்டு, பத்தாண்டு கழித்துக் கணக்குப் பார்ப்போரே மிகுதி.

மு.வரதராசனாரின் தொடக்கமும் இங்கு நினைக்கத்தக்கது. வட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர், தாமே படித்து 1935இல் வித்துவான் தேர்வில் தேறினார், 1939இல் பி.ஓ.எல்., 1944இல் எம்.ஓ.எல்., 1948இல் முனைவர் பட்டம். பட்டங்களுக்கு இடையே நாவலும் எழுதினார். விரித்துரைக்க வேண்டாத அளவுக்கு அறிமுகமானவர் அவர்.

இதுவரை சொல்லப்பட்டோர் இருவரும் ஆடவர். அவர்கள் ஏடு பார்த்த இரவுகளில் அடுப்படியில் விழித்திருந்தவர் யார் என்ற கேள்வியைத் தவிர்க்க இயலாது. 'என் சரித்திர'த்தில் ஆசிரியர்கள், மடாதிபதிகள், ஏடு கொடுத்தோர், ஏடு மறுத்தோர் எல்லோர்க்கும் இடம் உண்டு. வீட்டுப் பெண்டிரின் உழைப்புக்குக் கிடைத்த பக்கங்கள் சிலவே. இது ஐயர்மீது சுமத்தும் குற்றமன்று. அக்காலத்துக் கண் அப்படி. ஆயினும் இந்த வட்டத்தின் கூட்டங்களுக்கு இறுதியில் வந்து, முதலில் எழுந்து செல்லும் உறுப்பினர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால், அக்கண் இன்னும் முழுதாக மாறிவிடவில்லை என்பது புலனாகும். அதிகாலையில் எழுந்து எழுதுக என்னும் அறிவுரையைப் பெண்களுக்கு வழங்குவோர், அந்த அதிகாலை ஏற்கெனவே வேறொன்றுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டதை அறியார்.

வை.மு.கோதைநாயகி அம்மாள் 1901இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் மணம். பள்ளிக்கல்வி இல்லை. கதை சொல்வதில் வல்லவரான அவர்க்கு எழுத்துப் பழக்கம் போதவில்லை. ஆயினும் எழுத்துப் பழகிய பின்னர்ப் படைக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. 'இந்திரமோகனா' என்னும் நாடகத்தை வாயாற் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். 1924இல் அது நூலாயிற்று. தோழியிடமே எழுத்தையும் நன்கு பழகிக்கொண்டார். அடுத்த ஆண்டிலேயே 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தத் தொடங்கினார். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றபோது சிறையிலும் எழுதினார். நாவல்கள் மட்டும் 115. அவற்றின் இலக்கியத் தரம் பற்றி ஆய்வாளர் வேறுபடலாம், வேறுபட வேண்டியதுதான். ஆனால் தகுதி முழுமையாக வந்தபின் தொடங்குவது என்ற முறையைத் தலைகீழாக்கியவர் அவர். தொடங்கியதே தகுதியைக் கொண்டுவந்தது. கணவர் பார்த்தசாரதி தடையாக நில்லாமல் துணையாக நின்றார் என்பதும் பதிவுபெற வேண்டும். அந்தத் துணை இல்லாதார்க்கு இவ்வரலாற்றை மட்டும் காட்டி 'நீயும் செய்' எனல் நேர்மையன்று.

ஐயரின் கடைசி ஆண்டுகளுக்கு மீண்டும் வருவோம். ஆசிரியரின் வரலாற்றை எழுத வேண்டும் என்பது அவர் நெடுநாள் மேற்கொண்டிருந்த கடமை. பிள்ளையவர்கள் மறைந்தது 1876இல். வரலாறு இரு பாகங்களாக வெளிவந்தது 1933, 1934இல். இடையே கழிந்தவை அறுபதுக்குச் சற்றுக் குறைந்த ஆண்டுகள். நெஞ்சுக்கு நெருக்கமான வேலையே மிக நீளத் தள்ளிப்போனது. ஏடுகளைச் செல்லரித்துக்கொண்டிருந்தது, அவை காத்திருக்கமாட்டா. நினைவோ அவரிடமே இருந்தது. அழிவது முந்துக என்று அவர் முறை வகுத்திருக்கலாம். அதற்குள் பிள்ளையவர்களை நேரில் அறிந்தோர் பலர் மறைந்துவிட்டனர் என்பது அம்முறைக்குக் கொடுத்த விலை.

1937இல், எண்பத்திரண்டு வயதில், குறுந்தொகையைத் தம் உரையுடன் வெளியிட்டார். 1940 சனவரியில் 'ஆனந்த விகட'னில் 'என் சரித்திரம்' வாரந்தோறும் வரத் தொடங்கியது. பிறர் நூல்களையெல்லாம் முடித்தபின் தம் கதை. அதுவும் இறுதி இடத்தில். 1942 ஏப்ரல் 28இல் ஐயர் மறைந்தபோது கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியைத்தான் எட்டியிருந்தது. மணிமேகலைக்குப் பின் வந்த நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் அவர் கையால் எழுதப்படவில்லை. எஞ்சிய வாழ்க்கையை உடனிருந்து கண்ட மாணவர் கி.வா.ஜகந்நாதன் 'என் ஆசிரியப்பிரான்' என்னும் நூலில் எழுதினார்.