வேகம் கூட்டிய காருக்கு எந்த பிரேக் பேட்?



ஞாயிற்றுக்கிழமை மாலையில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரு காட்சியைக் காணலாம். வீட்டு வரிசைக்குப் பின்னால், ரம்புத்தான் மரத்தடியில், ஒரு பழைய கஞ்சில் கார் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். சுற்றிலும் நான்கைந்து இளைஞர்கள். பழைய 850 சிசி என்ஜினைக் கழற்றிவிட்டு, ஜப்பானிலிருந்து பாதி வெட்டி வந்த காரின் டர்போ என்ஜினைப் பொருத்திக் கொண்டிருப்பார்கள். மிகைநேரம் வேலை செய்து சேர்த்த பணமெல்லாம் அந்த மரத்தடிக்குத்தான் போகிறது. அம்மாவுக்குப் பணம் போன கவலை. அப்பாவுக்குச் சத்தம் பொறுக்கவில்லை. ஆனால், "தம்பி, இவ்வளவு வேகத்தை எதைக் கொண்டு நிறுத்தப் போகிறாய்?" என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

என்ஜினை மாற்றுவது சரியா தவறா என்று வாதாட நாங்கள் வரவில்லை. மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிந்து, பரிசோதனைக்கு அனுப்பி, காப்புறுதிக்காரரிடமும் சொல்லிவிட வேண்டும். அதைச் செய்யாமல் ஓட்டுகிறவர் விபத்து நேர்ந்தால் தனியாகத்தான் நிற்பார். அவ்வளவோடு அதை விட்டு, பிரேக்குக்கு வருவோம்.

பிரேக் என்ன செய்கிறது? காரின் ஓட்டத்தைச் சூடாக மாற்றுகிறது. வேறு எதுவும் அதற்குத் தெரியாது. சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் பேட் கவ்விப் பிடிக்கிறது, உராய்வு உண்டாகிறது, ஓட்டம் சூடாகிக் காற்றில் கலைகிறது. எவ்வளவு சூடு என்று ஒரு கணக்குப் பார்ப்போம். கஞ்சில் காரில் ஓட்டுநரும் மூன்று நண்பர்களும் ஏறினால் ஏறக்குறைய 1,000 கிலோ. அது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒருமுறை முழுதாக நிறுத்தினால் எழும் சூடு, ஒன்றேகால் லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அடுப்பில் வைத்தால் ஐந்தாறு நிமிடமாவது ஆகும். பிரேக் இதைச் சில வினாடிகளில் செய்கிறது.

வேகம் 100-லிருந்து 140-க்குப் போனால் சூடும் அதே அளவில் கூடும் என்று நினைத்துவிடாதீர்கள். சூடு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். வேகம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. என்ஜினை மாற்றிய தம்பி, தெரிந்தோ தெரியாமலோ, பிரேக்கின் தலையில் இந்தச் சுமையைத்தான் தூக்கி வைக்கிறார். நெடுஞ்சாலையிலேயே 110-க்கு மேல் போகச் சட்டம் இடம் தரவில்லை என்பதையும் இடையில் சொல்லி வைக்கிறோம்.

மலைச் சாலை இன்னும் கடுமை. கேமரன் மலையில் தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது கார் 1,300 மீட்டருக்கு மேல் கீழே வருகிறது. அந்த இறக்கம் முழுவதையும் பிரேக்கே தாங்கினால், இரண்டு மண்ணெண்ணெய்த் தகரம் நிறையத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அதில் இறங்கும். என்ஜினும் எதிர்க்காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்வதால்தான் நாம் பிழைக்கிறோம். ஆகவே இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குங்கள். ஆட்டோ கியராக இருந்தாலும் தாழ்ந்த கியருக்கு மாற்றிக்கொள்ளலாம். எண்ணெய் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டி வருகிறவர்களைப் பார்த்தால் எங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. 2013-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கெந்திங் மலைச் சாலையிலிருந்து ஒரு பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டதை இந்த நாடு மறக்கவில்லை.

சரி, பேட் வாங்கப் போவோம். உதிரிபாகக் கடையில் மூன்று நான்கு வகை எடுத்துப் போடுவார்கள். நார்களையும் பிசினையும் கலந்து செய்தது ஒன்று. சத்தமில்லாமல் மெதுவாகக் கவ்வும், குளிர்ந்திருக்கும்போதும் பிடிக்கும், ஆனால் அதிகச் சூட்டில் தளர்ந்துவிடும். இரும்புத் தூளும் செம்பும் கலந்தது இன்னொன்று. சூட்டைத் தாங்கும், கொஞ்சம் கீச்சிடும், தட்டையும் சற்று வேகமாகத் தேய்க்கும். பீங்கான் கலந்தது மூன்றாவது. தூசி குறைவு, சத்தமும் குறைவு, விலை கூடுதல். இவற்றுக்கெல்லாம் மேலே கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று வைத்திருப்பது பந்தயப் பேட். நம் பிள்ளைகளின் கண் அங்கேதான் போகும்.

அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பற்றி எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். செம்பனைத் தோட்டத்துப் பையன், தொழிற்சாலையில் வேலை. அம்மா கூட்டுக் கட்டி எடுத்த பணத்திலிருந்து 500 வெள்ளி வாங்கிப் பந்தயப் பேட் போட்டுக்கொண்டான். ஒரு நாள் விடியற்காலை, மழை விட்டுத் தூறல் மட்டும் இருந்த நேரம், அம்மாவை மருந்தகத்தில் இறக்கிவிடுவதற்காக ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். தோட்டத்துச் சாலை சரிவாக இறங்கிப் பெருஞ்சாலையில் முட்டுகிறது. அன்றைக்கு முதன்முதலாக அவன் பிரேக்கை மிதித்த இடமே அதுதான். மிதி கல்லைப் போல இருந்தது, கார் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டிப் பெருஞ்சாலையில் பாதிவரை போய்த்தான் நின்றது. குலை ஏற்றி வந்த லாரிக்காரர் திருப்பிவிட்டதால் இருவரும் உயிர் தப்பினார்கள். லாரி சாக்கடையில் இறங்கியது.

பேட் மோசமான சரக்கு என்று அவன் கடைக்காரரோடு சண்டைக்குப் போகவிருந்தான். நாங்கள் கழற்றிப் பார்த்தோம். பேட் புதிது, நல்ல சரக்கு, பொருத்தியதும் ஒழுங்கு. ஆனால் அது பந்தயக் களத்தில், நூற்றுக்கணக்கான டிகிரி சூடேறிய பிறகு கவ்வுவதற்காகச் செய்த பேட். குளிர்ந்திருக்கும்போது சாதாரணப் பேட்டின் பிடிப்பு கூட அதற்குக் கிடையாது. பந்தயக்காரர் ஓட்டத்துக்கு முன் சுற்றிச் சுற்றி வந்து சூடேற்றிக்கொள்கிறார். நம் தோட்டத்து வாசலில் யார் சூடேற்றித் தருவது? சாலையில் ஓடும் கார் நாள் முழுவதும் அந்தச் சூட்டைத் தொடுவதே இல்லை. 500 வெள்ளி கொடுத்து அந்தத் தாயும் மகனும் பழைய பேட்டை விடக் குறைவான பிரேக்கைத்தான் வாங்கியிருந்தார்கள்.

அப்படியானால் எதைக் கேட்டு வாங்குவது? "சாலைக்கு ஏற்ற, குளிரிலும் பிடிக்கிற, சூட்டையும் கூடுதலாகத் தாங்குகிற பேட்" என்று கேளுங்கள். பெயரைப் பார்க்காமல் எந்த வெப்பத்திலிருந்து எந்த வெப்பம்வரை வேலை செய்யும் என்று அட்டையில் பாருங்கள். தொடக்கமே 200 டிகிரி என்று போட்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பல பேட்டுகளின் ஓரத்திலோ முதுகிலோ இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உள்ள பிடிப்பையும், இரண்டாவது எழுத்து சூடான பிறகு உள்ள பிடிப்பையும் சொல்லும். 'ஈ' என்றால் உராய்வு அளவு 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55 வரை. 'எஃப் எஃப்' என்று போட்டிருந்தால் சூட்டிலும் குளிரிலும் ஒரே தரம் என்று பொருள். 'எஃப் ஈ' என்றால் சூடானதும் தளரும். எத்தனை நாள் உழைக்கும், தட்டை எவ்வளவு தேய்க்கும் என்பதையெல்லாம் இந்த எழுத்து சொல்லாது.

இன்னொரு அடையாளம், வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும், பக்கத்தில் '90 ஆர்' என்ற குறியும். ஐக்கிய நாட்டு ஒழுங்குமுறைப்படி, மாற்றுப் பேட்டின் பிடிப்பு காரோடு வந்த பேட்டுக்கு நெருக்கமாக இருக்கிறதா என்று சோதித்ததன் முத்திரை அது. போலிச் சரக்கும் சந்தையில் உண்டு. அட்டையில் எழுத்துப் பிழை, தொகுதி எண் இல்லாமை, நம்ப முடியாத மலிவு விலை, இவற்றைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள்.

இங்கே ஒரு உண்மையைச் சொன்னால் சில தம்பிகளுக்குப் பிடிக்காது. பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்துகிறது. காரை நிறுத்துவது டயர். இப்போதுள்ள பேட்டை ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடுகிறதா? அல்லது ஏபிஎஸ் உள்ள காரில் மிதி துடிக்கிறதா? அப்படியானால் உங்கள் பிரேக்குக்கு வலு போதும். தரையைப் பிடிக்கும் வலு டயருக்குத்தான் இல்லை. எவ்வளவு விலை உயர்ந்த பேட் போட்டாலும் அந்த ஒரு நிறுத்தத்தில் ஒரு முழம் கூடக் குறையாது. நல்ல பேட்டின் பலன், திரும்பத் திரும்ப மிதிக்கும்போதும் மலை இறங்கும்போதும் தளராமல் இருப்பதில்தான் தெரியும். மொட்டை டயரை வைத்துக்கொண்டு பந்தயப் பேட் வாங்குவது, ஓட்டைக் குடையோடு போகிறவர் புதுச் சப்பாத்து வாங்குவதைப் போல.

முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒத்துப் போகவேண்டும். பிரேக் மிதித்தால் காரின் பாரம் முன்னால் சாய்கிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்கே. பின்னால் மட்டும் வலுவானதைப் போட்டால் பின் சக்கரம் முதலில் பூட்டி, கார் பம்பரம் போலச் சுற்றிவிடும். கஞ்சிலுக்கும் பழைய சாகாவுக்கும் பின்னால் இருப்பது டிரம் பிரேக். முன்னால் புதுப் பேட் போடும் அன்றே பின் டிரம்மைக் கழற்றிச் செம்மண்ணைத் துடைத்து, ஷூவைப் பார்த்து, அளவு சரிசெய்யச் சொல்லுங்கள். தோட்டத்து மண் சாலையில் ஓடும் காருக்கு இது மற்றவர்களை விட அவசியம். அந்த மணல் உள்ளே புகுந்து அரைத்துக்கொண்டே இருக்கும்.

அடுத்து, பிரேக் எண்ணெய். பேட்டுக்கு நூற்றுக்கணக்கில் செலவழிக்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் நாட்டு ஈரத்தைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? புதிய 'டாட் 3' எண்ணெய் 205 டிகிரிக்குக் குறையாமல்தான் கொதிக்கும். ஈரம் ஏறிய பிறகோ 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். 'டாட் 4' என்றால் புதிதில் 230, ஈரத்தோடு 155. எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் உண்டாகி, மிதி மெத்தையைப் போல அமுங்கித் தரையைத் தொட்டுவிடும். பேட் தளர்ந்தால் வேறு விதம்: மிதி உறுதியாகவே இருக்கும், கார் மட்டும் நிற்காது. எது நடந்தது என்று போர்மேனிடம் சரியாகச் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்ணெயை முழுவதும் மாற்றுங்கள். 'டாட் 5' என்று தனித்து ஒன்று உண்டு. அது சிலிகன் எண்ணெய், மற்றவற்றோடு கலக்கக் கூடாது. '5.1' வேறு, '5' வேறு.

புதுப் பேட் போட்டவுடன் மலைக்கு ஓடாதீர்கள். பேட்டும் தட்டும் ஒன்றோடொன்று பழக வேண்டும். வாகனம் குறைந்த சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை நிதானமாக அழுத்திக் குறையுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். இடைவெளி விட்டு எட்டுப் பத்து முறை இப்படிச் செய்து, பிறகு பிரேக்கைத் தொடாமல் சில நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான தட்டின்மேல் பேட்டை அழுத்தியபடி நின்றால் அந்த இடத்தில் படிவம் ஒட்டி, பின்னால் மிதிக்கும்போதெல்லாம் ஸ்டீரிங் ஆடும். பேட் செய்தவர் தாளில் வேறு முறை எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். தட்டின் ஓரத்தில் குறைந்தபட்சக் கனம் எவ்வளவு என்று பொறித்திருக்கும். அதற்குக் கீழே தேய்ந்த தட்டில் புதுப் பேட்டைப் போடுவது வீண்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பழைய பிரேக் ஷூக்களிலும் பேட்டுகளிலும் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. அந்தத் தூசி நுரையீரலில் தங்கிப் பல வருடங்களுக்குப் பிறகு புற்றுநோயைக் கொண்டுவரும். புதிதாக வாங்குவதிலும் அஸ்பெஸ்டஸ் இல்லை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மரத்தடியில் பிள்ளைகள் டிரம்மைத் திறந்து வாயால் ஊதினாலோ காற்றுக் குழாயால் அடித்தாலோ தடுத்துவிடுங்கள். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட வேண்டும். சிறு குழந்தைகளை அந்த நேரத்தில் பக்கத்தில் விடாதீர்கள். அந்தச் சட்டையைத் துவைக்கும்போது மற்றத் துணிகளோடு சேர்க்காதீர்கள்.

அந்தப் பையன் இப்போது சாலைப் பேட்டோடுதான் ஓட்டுகிறான். பந்தயப் பேட்டைப் பெட்டியில் போட்டு அலமாரி மேல் வைத்திருக்கிறானாம். விற்க மனம் வரவில்லை என்றான். லாரிக்காரருக்குக் கொடுக்கவேண்டிய பழுதுச் செலவில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அடுத்த உரையில் மோட்டார் சைக்கிளின் டிரம் பிரேக்கைப் பற்றிப் பேசுவோம்.