அச்சைத் திருத்தினால் சுவர் திருந்துமா?



செங்கல் அறுக்கும் அச்சு ஒன்று ஒரு பக்கம் கோணிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தச்சரை அழைத்து அச்சைச் செப்பனிட்டுவிடுகிறோம். இனி அறுக்கும் கற்கள் நேராகவே வரும். ஆனால், நேற்று வரை அறுத்த கோணற் கற்களால் எழுப்பிய சுவர் நேராகிவிடுமா? ஆகாது. கல்லை மாற்றினாலன்றிச் சுவர் மாறாது. சிறு பிள்ளைக்கும் விளங்கும் இவ்வுண்மை கணினித் துறையிலே அடிக்கடி மறக்கப்படுகின்றது. அதனைப் பற்றியே இன்று சில நிமிடங்கள் உங்களோடு பேச விரும்புகின்றேன்.

கணினிக்கென மனிதர் எழுதும் கட்டளைகளை மூலநிரல் என்கிறோம். அம்மூலநிரலைப் பொறி விளங்கிக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றித் தரும் கருவியே தொகுப்பி. கம்பைலர் என்ற பெயராலும் நம் மாணவர் அதனை அறிவர். நாம் கணினியிலும் கைப்பேசியிலும் நாள்தோறும் பயன்படுத்தும் மென்பொருள்களிற் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு தொகுப்பியின் வழியே பிறந்தவை. மென்பொருள் செங்கல் என்றால், தொகுப்பியே அச்சு.

அந்த அச்சினாலே தீங்கு நேர்வதுண்டா? உண்டு. 2015ஆம் ஆண்டு செப்டெம்பரிலே சீனாவில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். ஆப்பிள் நிறுவனத்தின் கைப்பேசிகளுக்கு மென்பொருள் ஆக்கும் எக்ஸ்கோட் என்னும் கருவியைச் சிலர், அந்நிறுவனத்திடமிருந்து நேரே பெறாமல், வேறிடங்களிலிருந்து இறக்கிக்கொண்டனர். அது எவரோ கைவைத்துக் கெடுத்த பிரதி. அதைக்கொண்டு ஆக்கிய மென்பொருள்களிலெல்லாம், ஆக்கியோர் அறியாமலே, வேண்டாத நிரல் புகுந்துவிட்டது. பலகோடி மக்கள் பயன்படுத்தும் வீசாட்டின் ஒரு பதிப்பும் அவற்றுள் ஒன்று. தூய கருவியைப் பெற்று, மென்பொருளை மீண்டும் ஆக்கி வெளியிட்ட பின்னரே குறை நீங்கிற்று. தொகுப்பியிலே வஞ்சகம் புகுந்தால், மூலநிரலை எத்துணை கூர்ந்து படித்தாலும் அது புலப்படாது போகலாம் என்று கென் தாம்சன் என்னும் அறிஞர் 1984ஆம் ஆண்டிலேயே, தமது டியூரிங் விருதுப் பேருரையில் எச்சரித்திருந்தார்.

மற்றொரு நிகழ்ச்சி 2018 ஜனவரியில் வெளிப்பட்டது. கணினியின் மையச் செயலி, விரைவை நாடி, அடுத்து வரப்போகும் வேலையை முன்கூட்டியே ஊகித்துச் செய்கின்றது. அவ்வூகத்தின் வழியே இரகசியங்கள் கசியக்கூடும் என்று கண்டறிந்து, அக்குறைக்கு ஸ்பெக்டர் எனப் பெயரிட்டனர். விற்றுப்போன செயலிகளையெல்லாம் திரும்பப் பெறுதல் இயலுமா? ஆகவே, தீங்குக்கு இடங்கொடாத வகையில் கட்டளைகளை அமைக்குமாறு தொகுப்பிகளைத் திருத்தினர். அதே மாதத்தில் வெளிவந்த ஜிசிசி 7.3 என்னும் பதிப்பு அத்தகையது. எனினும், அதைக் கணினியில் நிறுவியதனால் மாத்திரம் எவருக்கும் பாதுகாப்புக் கிட்டவில்லை. லினக்ஸ் இயக்க முறைமையின் கருவையே புதிய தொகுப்பியால் மீண்டும் ஆக்க வேண்டியிருந்தது.

இனி, இவற்றினும் அடிக்கடி நேர்வதொன்று உண்டு. தொகுப்பியோடு கூடவே ஒரு நிரலகமும் வருகின்றது. எல்லோருக்கும் பொதுவாக வேண்டிய வேலைகள் அதிலே ஆயத்தமாக எழுதப்பட்டிருக்கும். அதைப் பயன்படுத்தும் வழி இரண்டு. ஒரு வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். மேசைமீது ஓர் அகராதி இருக்கிறது. மாணவர் யாவரும் வேண்டும்போது எழுந்து சென்று அதனைப் பார்க்கின்றனர். அகராதியில் ஒரு பிழையைத் திருத்தினால் அனைவருக்கும் அது திருந்திவிடும். இது முதல் வழி. இரண்டாவது வழியில், ஒவ்வொரு மாணவனும் தனக்கு வேண்டிய பக்கங்களைத் தன் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்கிறான். அவன் எங்கு சென்றாலும் கொப்பி உடன் செல்லும், வசதிதான். ஆனால் அகராதியைத் திருத்தினால் கொப்பி திருந்தாது. நாற்பது மாணவர் இருந்தால் நாற்பது கொப்பிகளையும் திருத்தியாக வேண்டும்.

2009ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் அறிமுகஞ்செய்த கோ என்னும் கணினி மொழி பெரும்பாலும் இந்தக் கொப்பி வழியையே கைக்கொள்கின்றது. ஆண்டுக்கு இருமுறை அதன் புதிய பதிப்பு வருகின்றது. இடையிடையே பாதுகாப்புத் திருத்தங்களும் வருகின்றன. ஒவ்வொரு திருத்தம் வரும்போதும், அம்மொழியில் ஆக்கிய பொதிகளை மீண்டும் தொகுக்க நேர்கின்றது. ஆயிரக்கணக்கான பொதிகளைத் தன்னார்வலர்களைக் கொண்டே பேணிவரும் டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீடு, இத்தகைய பொதிகளை மீளத் தொகுப்பதில் தனக்கு இடர்ப்பாடு உண்டென்றும், அவற்றுக்கான பாதுகாப்பு ஆதரவு வரையறுக்கப்பட்டதென்றும் தன் வெளியீட்டுக் குறிப்பிலே ஒளிவின்றி எழுதி வைத்துள்ளது. போற்றத்தக்க நேர்மை அது.

அப்படியாயின், புதிய தொகுப்பி வந்தவுடன் யாவற்றையும் அதனால் ஆக்கிவிடுவதுதானே என்று கேட்கலாம். அங்கேயும் ஓர் இடர் உண்டு. முன்னையது பொறுத்துக்கொண்ட பிழையைப் புதிய பதிப்புப் பொறுக்காது. நேற்று வரை ஒழுங்காகத் தொகுபட்ட நிரல் இன்று மறுக்கப்படலாம். ஆதலால் அனுபவமிக்க பராமரிப்பாளர், திருத்தம் வேறு, புதிய பதிப்பு வேறு எனப் பிரித்தறிவர். பாதுகாப்புத் திருத்தத்தை மாத்திரம் எடுத்துப் பழைய பதிப்போடு பொருத்துவர். பின்னர் பொதியை மீளத் தொகுத்துச் சோதித்துப் பார்த்தே வெளியிடுவர்.

இவையெல்லாம் தொலைதேசத்துச் செய்திகள் என்று எண்ணிவிட வேண்டாம். பராமரிப்புத் தவறினால் நேர்வது யாது என்பதை நம் நாடும் கண்டது. 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை மீது கப்பம் கோரும் மென்பொருளின் தாக்குதல் நிகழ்ந்தது. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே மாத நடுப்பகுதி முதல் வந்த கடிதங்கள் பல மீட்க இயலாது போயின. அங்கே இயங்கிய மென்பொருளுக்கு அதன் உற்பத்தியாளர் வழங்கிய ஆதரவு அவ்வாண்டு ஏப்ரலிலேயே முடிவுற்றிருந்தது.

என் அனுபவமொன்றும் சொல்ல வேண்டும். கெலிஓயாவில் எங்கள் பாடசாலை நூலகத்துக்கெனப் பழைய மாணவர் ஒருவர் அன்போடு ஒரு மென்பொருள் ஆக்கித் தந்தார். எவன் எந்தப் புத்தகத்தை இரவல் பெற்றான், எப்போது திருப்பித் தந்தான் என்ற விபரமெல்லாம் அதில் இருந்தது. பிள்ளைகளின் பெயரும் வீட்டு முகவரியும் இருந்தன. அவர் வெளிநாடு சென்றார், ஆண்டுகள் கழிந்தன. தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கும் எங்கள் ஆசிரியை ஒருநாள், "சேர், இது எந்தத் தொகுப்பியால் ஆக்கியது?" என்று கேட்டார். விசாரித்தால், அத்தொகுப்பிக்கு அதன்பின் பாதுகாப்புத் திருத்தங்கள் பல வந்திருந்தன. மீளத் தொகுக்கலாமென்றால் மூலநிரல் எங்களிடம் இல்லை. அவரிடமும் இல்லை, பழைய மடிக்கணினியோடு அது போய்விட்டது. இறுதியிலே அம்மென்பொருளைக் கைவிட்டோம். ஒரு தவணை முழுவதும் மாணவரும் ஆசிரியரும் அமர்ந்து பதிவுகளை மீண்டும் எழுதினர். குற்றம் அந்த மாணவருடையதன்று. மூலநிரலைக் கேட்டு வாங்கி வைக்காத அதிபருடையது.

ஆகவே, பாடசாலையாயினும் கூட்டுறவுச் சங்கமாயினும் வைத்தியசாலையாயினும், ஒரு மென்பொருளைப் பெறும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இதன் மூலநிரல் யாரிடம் இருக்கிறது? எந்தத் தொகுப்பியால், எந்த முறையில் ஆக்கினீர்கள் என்று எழுதித் தருவீர்களா? தொகுப்பிக்குத் திருத்தம் வந்தால் மீள ஆக்கித் தருபவர் யார்? தனிப்பட்ட தரவுகளைக் காக்கும் பொறுப்பை வலியுறுத்தி நம் பாராளுமன்றம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கின்றது. பிள்ளைகளின் விபரங்களை வைத்திருக்கும் நாம் இக்கேள்விகளைத் தட்டிக்கழிக்க முடியாது.

நம் இளைஞர் பிறர் தந்த தொகுப்பிகளைப் பயன்படுத்துவோர் மாத்திரமல்லர். கொழும்பில் வளர்ந்த டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் பலரீனா என்னும் கணினி மொழியையும் அதன் தொகுப்பியையும் ஆக்கி, 2019ஆம் ஆண்டில் முதலாவது முழுப் பதிப்பை வெளியிட்டது. அச்சுச் செய்யும் ஆற்றல் நமக்கு உண்டு. எழுப்பிய சுவரை ஆண்டுதோறும் சுற்றிவந்து பார்க்கும் பொறுமையும் உடன் வேண்டும். புதிதாக ஒன்றை ஆக்குவோருக்குப் பாராட்டுக் கிடைக்கின்றது. ஆக்கியதைப் பேணுவோரின் பெயரை எவரும் கேட்பதில்லை. ஆயினும், நம் பிள்ளைகளின் பெயரும் முகவரியும் பத்திரமாக இருப்பது அவர்களாலேதான்.