பனி உருகாமலே எங்கே போகுது?

இன்னைக்கு எபிசோடைக் கேட்டுக்கிட்டே ஒரு சின்ன வேலை பண்ணுங்க. வீட்டு ஃப்ரீசர்ல ரொம்ப நாளா யாரும் தொடாத ஐஸ் ட்ரே இருந்தா வெளியே எடுத்துப் பாருங்க. கட்டிகள் சின்னதாகி, ஓரமெல்லாம் மழுங்கிப் போயிருக்கும். கரண்ட் போகல, ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியிலதான் ஓடியிருக்கு, கீழே ஒரு சொட்டுத் தண்ணிகூட இல்ல. அப்போ அந்த ஐஸ் எங்கே போச்சு?

பதில் நாம ஸ்கூல்ல படிச்சதுதான். பதங்கமாதல். திடப்பொருள் திரவமாகாமல் நேரடியாக வாயுவாக மாறுவது. ஆனா பாடப்புத்தகத்துல கற்பூரம், பாச்சை உருண்டை, அயோடின் இதோட கதை முடிஞ்சிடும். ஐஸும் இதையே பண்ணும்னு சொல்லியிருந்தாலும் நம்ம மனசுல நிற்கல. ஏன்னா நாம பார்க்கிற ஐஸ் எல்லாம் டேபிள் மேல வெச்ச ரெண்டாவது நிமிஷமே தண்ணியாகிடுது.

இதுல இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். தண்ணியோட மும்மைப் புள்ளி 611 பாஸ்கல் அழுத்தத்துல இருக்கு. அதாவது சாதாரண காற்றழுத்தத்துல சுமார் 165-ல ஒரு பங்கு. அதுக்குக் கீழே போனாத்தானே ஐஸ் நேரா ஆவியாகணும்? ஃப்ரீசருக்குள்ள வெற்றிடம் ஒண்ணும் இல்லையே?

சரியான கேள்வி. ஆனா அந்தப் படம் தண்ணியைத் தவிர வேற எதுவுமே இல்லாத ஒரு பெட்டிக்கு வரைஞ்சது. காற்று இருக்கிற இடத்துல மொத்த அழுத்தத்தைப் பார்க்கக் கூடாது, காற்றுல இருக்கிற நீராவியோட பங்கை மட்டும்தான் பார்க்கணும். ஐஸ் மேற்பரப்பிலிருந்து மூலக்கூறுகள் எப்பவும் கிளம்பிக்கிட்டே இருக்கும். காற்றுல இருக்கிற நீராவியும் திரும்ப வந்து ஒட்டிக்கிட்டே இருக்கும். கிளம்புறது அதிகம்னா ஐஸ் தேயும். ஒட்டுறது அதிகம்னா வளரும். அந்த வளர்ச்சியைத்தான் ஜனவரி காலையில ஊட்டி பக்கத்துல தலைகுந்தா புல்வெளியில வெள்ளையா, உறைபனியா பார்க்கிறோம். அதே கதை, எதிர்த் திசையில.

ஆக, ஐஸ் உருகாமல் காணாமல் போக மூணு விஷயம் வேணும்: வறண்ட காற்று, கிளம்பின ஆவியை அடிச்சுக்கிட்டுப் போக வீசுற காற்று, அப்புறம் சக்தி. இந்த மூணாவதுதான் முக்கியம்.

ஒரு கிலோ ஐஸை 0 டிகிரியில உருக்க சுமார் 334 கிலோஜூல் போதும். அதே ஒரு கிலோவை நேரடியா ஆவியாக்க சுமார் 2,830 கிலோஜூல் வேணும். கிட்டத்தட்ட எட்டரை மடங்கு. வெயில் கொடுக்கிற சக்தி ஒண்ணுதான். அது ஒரு கிலோவை ஆவியாக்கச் செலவாச்சுன்னா, உருகியிருக்க வேண்டிய எட்டரை கிலோ தப்பிச்சிடும்.

இதை இயற்கை கண்ணுக்குத் தெரியற மாதிரி செதுக்கி வெச்சிருக்கு. தென் அமெரிக்காவில் ஆண்டீஸ் மலையில, ரொம்ப உயரத்துல, வறண்ட இடங்கள்ல, பனி சமதளமா இருக்காது. கத்தி மாதிரி கூர்மையான தூண்கள் வரிசையா நிற்கும். சில இடங்கள்ல ஆள் உயரத்தைத் தாண்டியும் இருக்கும். ஸ்பெயின் நாட்டுல கூம்புத் தொப்பி போட்டு ஊர்வலம் போற பக்தர்கள் மாதிரி தெரியறதால ‘பெனிடென்டெஸ்’னு பேர். 1835-ல சார்லஸ் டார்வின் சிலியிலிருந்து அர்ஜென்டினாவுக்கு மலை தாண்டிப் போகும்போது இதைப் பார்த்திருக்கார். ஒரு தூண் மேல குதிரை ஒண்ணு காலை மேலே நீட்டிக்கிட்டு உறைஞ்சு கிடந்ததாகவும் எழுதியிருக்கார்.

இது எப்படி உருவாகுது? தொடக்கத்துல பனி மேல சின்னச் சின்னக் குழி இருக்கும். குழிக்குள்ள வெயில் பட்டு எதிரொலிச்சு அங்கேயே சுத்தும், அதனால கூடுதல் சக்தி. அப்புறம் குழி ஆழமாக ஆக உள்ளே காற்று அசையாது, ஈரம் தங்கும். ஈரம் தங்கினா பதங்கமாதல் குறைஞ்சு உருகுதல் தொடங்கும், அதாவது எட்டரை மடங்கு மலிவான வழி. மேலே முனையில வறண்ட காற்று வீசிக்கிட்டே இருக்கு. அங்கே ஐஸ் செலவு அதிகமான வழியில, கொஞ்சம் கொஞ்சமா மட்டும் போகுது. குழி வேகமா இறங்குது, முனை நிக்குது. 2006-ல இதை ஆய்வகத்துலயே, சில சென்டிமீட்டர் உயரத்துல, செஞ்சு காட்டிட்டாங்க.

சரி, அழகா இருக்கு. இதனால யாருக்கு என்ன? இங்கேதான் தண்ணிக் கணக்கு வருது.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில கொலராடோ நதியை நம்பி சுமார் 4 கோடி பேர் இருக்காங்க. அந்தத் தண்ணியில பெரும்பகுதி ராக்கி மலைப் பனி. குளிர்காலம் முடியும்போது மலையில எவ்வளவு பனி இருக்குன்னு அளந்து, கோடையில நதியில எவ்வளவு வரும்னு கணிப்பாங்க. அதை வெச்சுத்தான் அணையில எவ்வளவு தேக்கலாம், விவசாயத்துக்கு எவ்வளவு, நகரத்துக்கு எவ்வளவுன்னு முடிவு. 2021-ல கணக்கு உதைச்சுது. பனி வழக்கத்துல சுமார் 80 சதவீதம் இருந்துச்சு. நதிக்கு வந்து சேர்ந்த தண்ணியோ சுமார் 30 சதவீதம்தான்.

நம்ம வேலையில இன்புட்டும் அவுட்புட்டும் ஒத்துப்போகலைன்னா முதல்ல என்ன பண்ணுவோம்? எங்கே லீக் ஆகுதுன்னு தேடுவோம். இங்கே சந்தேகப் பட்டியல்ல முன்னாடி நின்னது பதங்கமாதல். வறண்ட மலை, பலமான காற்று, கடுமையான வெயில், எல்லாமே பொருந்துச்சு. ஓடையில தடம் விடாம வானத்துக்குப் போகிற ஆள், வேற யாரைச் சந்தேகப்படுறது?

ஆனா சந்தேகம் வேற, அளவு வேற. 2022–23 குளிர்காலத்துல வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜெசிகா லண்ட்குவிஸ்ட் குழு, மற்ற ஆய்வு நிறுவனங்களோட சேர்ந்து, கொலராடோவில் ஒரு பள்ளத்தாக்குல கோபுரங்களை நட்டாங்க. பனிக்கு மேல ஏறுகிற ஒவ்வொரு சுழற்காற்றும் எவ்வளவு நீராவியைத் தூக்கிட்டுப் போகுதுன்னு ஒரு விநாடிக்குப் பல தடவை அளக்கிற கருவிகள் அதுல இருந்துச்சு. கோடிக்கணக்கான சின்னச் சின்ன அளவுகளைக் கூட்டினா மொத்த இழப்பு கிடைக்கும். சுமார் 10 சதவீதப் பனி அப்படிப் போயிருந்துச்சு. காற்று பனியைக் கிளப்பி அடிக்கும்போது இழப்பு எகிறும். ஏன்னா பறக்கிற ஒவ்வொரு துகளுக்கும் சுத்திலும் காற்று.

10 சதவீதம் சின்னது இல்ல. ஆனா காணாமல் போன அவ்வளவு தண்ணியையும் இவர் தலையில கட்ட முடியாது. அதே பல்கலைக்கழகத்திலிருந்து 2024-ல வந்த ஆய்வு பெரிய குற்றவாளியைக் காட்டுச்சு: வசந்த கால மழை குறைஞ்சது. சமீப வருஷங்கள்ல நதி நீரில் ஏற்பட்ட குறைவுல கிட்டத்தட்ட 70 சதவீதத்துக்கு அதுவே காரணம். மழை இல்லாததால மரம் செடி எல்லாம் உருகின பனித் தண்ணியைக் குடிச்சிடுது. மேகம் இல்லாததால வெயிலும் அதிகம்.

அதுக்காக எல்லா ஊருலயும் 10 சதவீதம்னு காப்பி பேஸ்ட் பண்ணிடாதீங்க. நேபாளத்துல லாங்டாங் பள்ளத்தாக்கின் யாலா பனியாறு மேல, 5,000 மீட்டரைத் தாண்டின உயரத்துல அளந்தப்போ, ஒரு வருஷப் பனிப்பொழிவுல சுமார் 21 சதவீதம் பதங்கமாகிப் போனது தெரிஞ்சுது. அஞ்சுல ஒரு பங்கு கீழே இருக்கிற ஆறுகளுக்கு வரவே வராது.

இதுல ஒரு சங்கடமும் இருக்கு. பதங்கமாதல் ஆறுக்கு நஷ்டம், ஆனா பனியாறுக்குப் பாதுகாப்பு. வெயிலோட சக்தியை அது செலவு வைக்குது. காற்று சூடாகி ஈரமும் கூடினா, அந்தச் சக்தி மலிவான வழியில, உருக்குறதுல இறங்கும். கொஞ்ச வருஷத்துக்கு ஆறுல தண்ணி கூடும், ஆனா அது சேமிப்பை எடுத்துச் செலவு பண்ற மாதிரி. அதனால ‘பனி குறையுது’ன்னு ஒரு செய்தி படிக்கும்போது, எந்த வழியா குறையுதுன்னும் சேர்த்துக் கேளுங்க. கீழே வாழுறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணு இல்ல.

அந்த ஐஸ் ட்ரேயைத் திரும்ப உள்ளே வெச்சுட்டீங்கல்ல? ஃப்ரீசர்ல போன ஐஸ் அதைவிடக் குளிரான கூலிங் காயில்ல ஒட்டியிருக்கும், பழைய மாடல்னா சுவர்ல வெள்ளையா தெரியும். ஒரு ட்ரேயை எடை போட்டு, மாசம் கழிச்சு திரும்ப எடை போட்டு எனக்கு அனுப்புங்க. வர்ற நம்பரை அடுத்த எபிசோடுல படிக்கிறேன்.