நாடி தளரும்போது

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் முதலுதவி பயின்றபோது நாடி பார்க்கக் கற்றேன். பெருவிரலால் எண்ணலாகாது, அதில் ஓடும் துடிப்பே நம்மை ஏமாற்றிவிடும். ஓய்வாக இருக்கையில் நிமிஷத்திற்கு 60 முதல் 100 வரை துடிப்பது இயல்பு என்பர். நாள்தோறும் ஓடிப் பழகிய இளைஞருக்கு ஐம்பதுக்குக் கீழும் இருக்கலாம், அது நோயன்று. தளர்ச்சியும் தலைச்சுற்றலும் உடன் சேர்ந்தால்தான் காரணம் தேட வேண்டும்.

திருமயத்தில் வாழும் என் தமக்கையார் சித்திரை வெயிலிலும் போர்வை கேட்டார். குரல் கரகரத்தது, பேச்சின் நடுவிலேயே கண்ணயர்ந்தார். "வயதாகிவிட்டது" என்று நான்கு மாதம் வாளாவிருந்தோம். அப்படிச் சொன்னவர்களுள் நானும் ஒருவன். ஒருநாள் அடுக்களையில் மயங்கி விழுந்தார். நாடியை எண்ணினேன், 46.

முன்னாளில் இத்தகைய நோய்க்குத் தஞ்சைக்கோ திருச்சிக்கோ ஓடுவோம். 2017ஆம் ஆண்டில் புதுக்கோட்டையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது பெரும் பேறு.

மருத்துவர் முதலில் ஈ.சி.ஜி. எடுத்தார். இருதயம் எவ்விதம் மெதுவாகிறது என்பதை அது காட்டும். ஏன் என்பதைப் பலவேளை இரத்தமே சொல்லும். பொட்டாசியம், கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், தைராய்டின் குறையைக் காட்டும் டி.எஸ்.எச். ஆகியவற்றைப் பார்க்கச் சொன்னார். சிறுநீரகம் தளர்ந்தால் பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கி இருதயத் துடிப்பை அடக்கும். சில வேளை உயிருக்கே உலையாகும்.

தமக்கையாருக்குப் பொட்டாசியம் மிகுதி என்று வந்தது. நாங்கள் பதறினோம். மருத்துவரோ, ஈ.சி.ஜி.யில் அதற்குரிய குறி இல்லையென்று மறுபடியும் இரத்தம் எடுக்கச் செய்தார். இம்முறை அளவு சரியாக இருந்தது. கையை இறுகக் கட்டி, முஷ்டியைப் பலமுறை மடக்கி விரித்தாலும், எடுக்கையில் இரத்த அணுக்கள் சிதைந்தாலும் பொய்யாக உயர்ந்து காட்டுமாம். கணக்கில் விடை பொருந்தாவிடில் மறுபடி போட்டுப் பார் என்று பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான். அன்று எனக்கு அது தோன்றவில்லை.

அவர் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் கேட்டறிந்தார். இரத்த அழுத்தத்திற்கான சில மருந்துகளும் நாடியைத் தளர்த்தும். டிஜாக்சின் உண்பவராயின் அதன் அளவையும் இரத்தத்தில் பார்ப்பார்களாம். மாத்திரை உண்டு ஆறு மணி நேரமாவது கழியாமல் எடுத்தால் அளவு மிகையாகக் காட்டும். தமக்கையார் அவற்றுள் எதுவும் உண்ணவில்லை.

டி.எஸ்.எச். மிக உயர்ந்திருந்தது. முதியவர் ஆதலால் தைராக்சின் மாத்திரையைச் சிற்றளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினார்கள். இன்று நாடி 66. மருந்தளவு சரிதானா என்று அறிய ஆறு வாரத்திற்கொரு முறை ஊசி குத்திக்கொள்ளப் புதுக்கோட்டை வரவேண்டியிருந்ததற்குத்தான் என்னிடம் முணுமுணுத்தார்.