அரிட்டாபட்டியும் அண்டைக் கிராமங்களும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

மதுரை ஜில்லா மேலூர்த் தாலூகாவில் அரிட்டாபட்டி என்றொரு சிற்றூர் உண்டு. தூரத்தினின்று நோக்குவார்க்கு அது வெறும் பாறையும் முட்புதருமாகவே தோன்றும். ஆயினும் அவ்வூர்க் கழிஞ்சமலைக் குகையில் ஏறத்தாழ 2,200 ஆண்டுகட்கு முற்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உளது. பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவாலயமும் உளது. 7 குன்றுகளும், 72 ஏரிகளும், 200 சுனைகளும் அங்குண்டென்று அரசாங்க அறிவிப்புக் கூறுகின்றது. ஏறக்குறைய 250 வகைப் பறவைகளும், தேவாங்கும், அழுங்கும் அவ்விடத்தைச் சார்ந்து வாழ்கின்றன.

பாறையால் பயன் யாது என்று சிலர் வினவலாம். பெய்த மழையில் ஒரு பகுதி பாறைப் பிளவுகளிற் புகுந்து சுனையாய்ச் சுரக்கின்றது. எஞ்சியது ஓடை வழியே கண்மாயை அடைகின்றது. அக்கண்மாய் நிரம்பி மறுகால் பாயுமாயின், அந்நீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்குச் செல்லும். ஆகவே குன்று நிற்பது ஓரூராயினும், அதனால் வாழ்வன பல ஊர்கள்.

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய கிராமங்களில் ஏறக்குறைய 477 ஏக்கர் நிலம் தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமென அறிவிக்கப்பெற்றது. இரண்டாண்டுகள் கழிந்த அளவில், 2024 நவம்பரில், அத்தலத்தையும் உள்ளிட்ட ஏறக்குறைய 5,000 ஏக்கரில் டங்ஸ்டன் அகழும் உரிமையை மத்திய அரசாங்கத்தார் ஏலம் விட்ட செய்தி வெளியாயிற்று.

அரிட்டாபட்டியார் தனித்து நின்றாரல்லர். வல்லாளபட்டி, நரசிங்கம்பட்டி, கிடாரிப்பட்டி முதலிய அண்டையூரார், பல சமூகத்தாரும் ஒருங்கு கூடி, கிராம சபைகளில் எதிர்த்துத் தீர்மானம் இயற்றினர். டிசம்பர் 9-இல் சட்டசபையும் அவ்வாறே தீர்மானித்தது. 2025 ஜனவரி 7-இல் ஆயிரக்கணக்கானோர் நரசிங்கம்பட்டியினின்று மதுரைக்கு ஊர்வலம் சென்றனர். ஜனவரி 23-இல் ஏலம் ரத்தாயிற்று.

அன்பர்களே! அம்மக்கள் தம்மூரின் உடைமை இன்னதென்று அறிந்திருந்தமையாலன்றோ அதனைக் காத்தனர்? நம்மூர்க் கண்மாயின் மறுகால் எவ்வூர்க்குச் செல்கின்றதென்று நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பட்டணம் புகுந்த நம் பிள்ளைகட்கோ, பூர்விக ஊர் என்பது ஆண்டுக்கொருமுறை குலதெய்வம் கும்பிடும் இடமாய்ச் சுருங்கிவிட்டது. அறியாத பொருளைக் காப்பார் யாவர்?

ஆதலின் நாம் வேண்டுவது இரண்டே. ஒவ்வொரு குடும்பத்தாரும் தம்மூர் முதியோரை அணுகி, கண்மாய், ஓடை, சுனை இவற்றின் பெயர்களையும் நீர் செல்லும் வழியையும் எழுதி வைத்தல் வேண்டும். ஊரில் வாக்குரிமையுடையோர், ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடும் கிராம சபைக்குத் தவறாது செல்லுதல் வேண்டும். ஏலத்தை ரத்துச் செய்தல் கூடும். உடைத்த மலையை மீட்டல் கூடாது.